நாரை அழிந்த மதகு

எம் தூதன் குதிரைக்குச் சேணம் பூட்டி முடிப்பதற்குள் எழுதி முடிக்கவேண்டிய ஓலை இது. ஆகவே வாழ்த்து சுருக்கம். பேரேரி காக்கும் பெருமகனார், மேல்கரை மன்னர் வயமாறனார் குடை நிழல் நீள்க! கீழ்கரை நாட்டு முதலமைச்சன் இளநாகன் தலைதாழ்த்தி வரைவது:

தாங்கள் தேடும் தத்தை நங்கை, தங்கள் பேரேரிக்கு மதகுப்பொறி சமைத்தவள், இந்நேரம் எங்கள் கோட்டை வாசலில் வண்டியின் கடையாணியைத் தன் கையாலேயே அடித்து இறுக்கிக்கொண்டிருக்கிறாள். தங்களிடம்தான் வருகிறாள்.

எங்கள் பொறிநகர் பொன்னைக் காட்டித் தங்கள் கைவினைஞரை மயக்கிற்று என்று தங்கள் தூதர் அவையில் முழங்கினார். உப்பங்கழியும் நரியுமாகக் கிடந்த இடம் அது, மன்னரே. சீனத்துக் கண்ணாடி வல்லாரும், யவனக் கொல்லரும், சாவகத்துக் கப்பல் தச்சரும் கடல் கடந்து அங்கே குடியேறியது ஒரு வழக்கத்தை நம்பி. பொறி பழுதானால் இங்கே எவர் கையையும் வெட்டுவதில்லை. ஏன் பழுதாயிற்று என்று ஊர்கூடிக் கேட்டு, மறுபடி செய்து பார்க்க வெண்கலம் கொடுக்கிறோம். மதகு ஒருமுறை சிக்கியதற்குத் தாங்கள் தத்தையின் வலக்கையைக் கேட்டீர்கள். சிக்கலைத் தீர்த்துவிட்டு அவள் இங்கே ஓடிவந்தாள்.

இன்று காலை தங்கள் நாட்டுக் கல்தச்சன் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். தங்கள் ஆணைப்படி மதகுச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, அவள் பொறித்த நாரை முத்திரையை உளியால் செதுக்கி எறிந்துவிட்டு, திரும்பப் பூட்டிவிட்டார்கள் என்று பட்டறையில் சொன்னான். பறவை போனால் போகட்டும், கை மிச்சமிருக்கிறதே அம்மணி என்று யவனக் கொல்லன் ஒருவன் கேலி பேசினான். அவள் சிரிக்கவில்லை. மேற்கே கறுத்திருந்த வானத்தைப் பார்த்தாள். கருவிப் பையைத் தூக்கினாள்.

போனால் தலை தங்காது என்று எம் மன்னரே வாசலுக்கு வந்து தடுத்தார். வழியை விடுங்கள், வாதாட நேரமில்லை என்று அவரிடமே அவள் சீறியதை அப்படியே எழுதுகிறேன்; பொறுத்தருள்க.

ஆகவே எல்லையில் அவளுக்காகக் காத்திருக்கும் ஈட்டிப்படை வழிவிடுக. ஏரிக்குக் கீழுள்ள தெருக்களை இப்போதே காலிசெய்க. அவள் வரும்வரை மதகை ஒருவரும் தொடற்க. விலங்கு பூட்டியே ஆகவேண்டுமென்றால், வேலை முடிந்தபின் பூட்டுக.

எம் மன்னர் ஆணையால் இலச்சினை இடுகிறேன். அரக்கு உருகுவதற்குள் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாரையைத் தன் பெருமைக்காக அவள் பொறிக்கவில்லை. தலை ஒரு சக்கரத்தில், உடல் மறு சக்கரத்தில். இரண்டும் கூடும்படி பூட்டினால்தான் பற்கள் பொருந்தும். இப்போது குத்துமதிப்பாகப் பூட்டியிருக்கிறார்கள். வெள்ளத்தில் மதகைத் தூக்கினால் பற்கள் உடையும், கதவு திறக்காது, கரை போகும். எந்தப் பல் எதனோடு சேரும் என்பது இனி அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.