மைடெய்க்குச் சொல்லிக்கொடுத்த சமையல்

மார்ச் 9, சனி

காலைப் பேருந்தில் முத்தாரேயிலிருந்து என் கணவர் தகுமாவின் அக்கா எஸ்னாத் அண்ணி வந்துவிட்டார். கூடவே மைடெய் என்று ஒரு பெண். இருபது வயதிருக்கும்.

"தெரிஞ்சவங்க பொண்ணு. தாயில்லாம வளர்ந்தது, அடுப்புப் பக்கமே போனதில்ல. கொஞ்சம் சொல்லிக்கொடு சேகாய். உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அண்ணி என்னைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. வந்ததும் வழக்கமாக என் வயிற்றைத்தான் பார்ப்பார். இன்று அதுவும் இல்லை.

தோட்டத்தில் பூசணிக்கொடியின் இளம் இலைகளைப் பறித்து நார் உரிக்கக் காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். "கீரையில வேர்க்கடலை விழுது நிறையப் போட்டாத்தான் அவருக்குப் பிடிக்குமாமே அக்கா?" என்றாள். யார் சொன்னது என்றேன். அண்ணியாம். நல்ல பெண்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று சோளமாவு ரொட்டி. புளித்த பாலில் மாவைக் கரைத்து இரும்புச் சட்டியில் ஊற்றினோம். அடியில் கங்கு கொஞ்சம், மூடிமேல் நிறைய. முதல் ரொட்டி கருகியது. இரண்டாவது பொன்னாக எழும்பி வந்தது. மைடெய் கை தட்டினாள், நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

கட்டிக்கொண்டேன்!

சாப்பிடும்போது தகுமா தலை நிமிரவில்லை. "பிடிச்சிருக்கா தம்பி? இவ சுட்டது," என்றார் அண்ணி. அவர் தலையாட்டினார். அண்ணி என் பக்கம் திரும்பி, "அப்ப பின்னாடி ரூமைக் காலி பண்ணி வை. அடுத்த மாசம் இவ இங்க வந்துடுவா," என்றார்.

"வீட்டு வேலைக்கா அண்ணி?"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "வேலைக்காரிக்கு எவனாவது பரிசமா மாடு கொடுப்பானா?"

தகுமாவைப் பார்த்தேன். இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டார்.

மைடெய்தான் மிரண்டுபோனாள். "அக்கா... நீங்கதான் கூட்டிட்டு வரச் சொன்னீங்கன்னு சொன்னாங்களே?"

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

மார்ச் 11

போய்ட்டாங்க. என் வாயாலயே, என் கையாலயே — சே! அவரிடம் ஏன் என்று கேட்டேன். "அக்கா முடிவு பண்ணிட்டா, நான் என்ன செய்ய?" என்கிறார். எங்கே போவேன்? அம்மாவும் இல்லை. அண்ணன் பெண்டாட்டி எத்தனை நாள் களி கிண்டிப் போடுவாள்?

ஏப்ரல் 20

அறையைக் காலி செய்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

குளிர்காலம் இன்னும் விடவில்லை. அவர் வேலைக்குப் போய்விட்டார். மைடெய்க்கு வயிறு தெரிகிறது, வாந்தி இன்னும் நிற்கவில்லை. முட்டைக்கோஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஓடையிலிருந்து இரண்டு வாளியோடு மேடேறியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு வாளி மட்டும் பிடிங்களேன். கண்ணை இருட்டுது."

"வெயில் ஏறுறதுக்குள்ள ஊத்தி முடி," என்றேன்.

"சரிக்கா." எழுந்துகொண்டாள்.

காலை வெயில் முதுகுக்கு இதமாக இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன்.