உள்ளே போன குண்டூசி

மார்ச் 4
மூக்கு இன்றும் அடைப்பு. தையல் கடையில் பறக்கிற துணித்தூசி மொத்தமும் என்னைத்தான் தேடி வருகிறது. வாயால்தான் மூச்சு. "அண்ணி, வாயை மூடுங்க, ஈ போயிடப் போகுது" என்று சிரிக்கிறாள் அடுத்த மெஷினில் இருக்கும் நாத்தனார். ஈக்கு வேறு வேலை இல்லையா!

மார்ச் 6
கோட்டுக்கு உள்துணி பொருத்தும்போது வழக்கம்போல் குண்டூசிகளை உதட்டில் கவ்வியிருந்தேன். மூக்கு அடைப்பில் மூச்சு முட்டியது. வாயைத் திறந்து ஒரு இழுப்பு. உடனே இருமல் — அப்படியொரு இருமல். பிறகு ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஊசி குறைகிறது. தரையெல்லாம் காந்தத்தால் துழாவிவிட்டேன். உள்ளேயா போச்சு? ஐயோ, போயிருந்தா குத்தாதா?

வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 7
கோட்டுக்காரர் வந்து வாங்கிப் போனார். ஊசி அதிலேயே இருந்து அவர் கழுத்தில் குத்தட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்ன பாவி நான்!

மார்ச் 8
மறுபடி இருமல்.

மார்ச் 9
"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கடையைப் பூட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

எக்ஸ்ரேயில், வலது நுரையீரலில், வெள்ளைக் கோடாக, தலையோடு — என் ஊசி.

"குழாய் விட்டு எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "மூக்கு தூசியைத் தடுக்கும், காத்தைச் சூடாக்கி அனுப்பும். வாய்க்கு அந்த விவரமெல்லாம் கிடையாதும்மா, வர்றதை அப்படியே உள்ள விட்டுடும்." எதுவும் மண்டையில் ஏறவில்லை. எடுக்க வராம போனா? எம் பொண்ணுக்கு யாரு தலை வாருவா?

மார்ச் 12
எடுத்துவிட்டார்கள். தொண்டை ரணம். மூக்குக்குத் தனியாக மருந்து கொடுத்திருக்கிறார்கள். அடைப்பு விட்டதும் வாயை மூடி மூச்சுவிடப் பழக வேண்டுமாம்.

ஏப்ரல் 2
மூக்கு திறந்துவிட்டது. காலையில் நாக்கு காய்ந்து ஒட்டுவதில்லை, தலை கனப்பதில்லை. ஊசிகளை இப்போது மணிக்கட்டில் கட்டிய பஞ்சுத் திண்டில் குத்திவைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு மூச்சையும் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். பயம் விடவில்லை.

ஏப்ரல் 20
ஞாயிறு மதியம் நன்றாகத் தூங்கிவிட்டேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வீட்டுக்காரர், முகம் வெளுத்துப் போய். "சத்தமே இல்லடி… நான் என்னமோ ஏதோன்னு…" இத்தனை வருஷமாக என் குறட்டையைத் திட்டித் தீர்த்த மனுஷன், அதைக் காணோம் என்று நடுங்குகிறார். அவர் கையைப் பிடித்து என் மூக்குக்குக் கீழே வைத்தேன். வெகுநேரம் எடுக்கவே இல்லை.