சாமியார் காரில் மீன் கூடை

8 மார்ச் 1973, வியாழன்

புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. கார் வந்துவிட்டது.

வந்துவிட்டது என்றால், தள்ளிக்கொண்டு வந்தோம். கோயில் கொட்டகையிலிருந்து எங்கள் தெரு வரை நான்கு பெண்கள் பின்னால் தள்ள, நான் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன். பிடித்திருந்தேன், அவ்வளவுதான். அது போன பக்கம் நானும் போனேன். பின்னால் தள்ளிய செல்லம்மாவின் சொந்தக் கோழிக்கூண்டே காலி. கோழிகளுக்கு ஒன்றும் இல்லை.

பங்குச் சாமியாருக்கு ஜீப் வந்ததும் பழைய காரை விற்றுவிடலாம் என்று கோயில் கமிட்டி சொன்னது. மீன் விற்கிற நாங்கள் ஐந்து பேர் சீட்டுப் பிடித்து வாங்கிவிட்டோம். பத்திரம் என் பேரில். ஐந்து பேரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் நான் ஒருத்திதான்.

கமிட்டியின் நிபந்தனை: ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்குள் எங்களில் ஒருத்தி லைசென்ஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பணம் திரும்ப எங்களுக்கு, கார் ஐஸ்காரர் சவரிமுத்துவுக்கு. விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தெட்டு நாள்.

அவர் பேர் நடுவில் எப்படி வந்தது என்று கேட்டேன். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்கா தெரியாது? பஸ்ஸில் மீன் கூடை ஏற்றக் கூடாது என்று ஆனதிலிருந்து எங்களால் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போக முடியவில்லை. கோவளம் கரையிலேயே அவர் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறோம். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டு விலை சொல்வார். எங்களுக்கு வண்டி வந்துவிட்டால் யாரிடம் சொல்வார்?

கொடுக்க மாட்டேன். எழுதி வைக்கிறேன், கொடுக்க மாட்டேன்.

10 மார்ச், சனி

காரைத் துடைத்தேன். பார்த்தவை: ஹாரன், நல்ல சத்தம். டிரைவர் பக்கக் கதவு, உள்ளிருந்து திறக்காது. கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். கண்ணாடியில் ஜெபமாலை. முன் பெட்டியில் உடைந்த மூக்குக்கண்ணாடி, இருமல் மிட்டாய் ஏழு.

இப்போது ஆறு. தவக்காலத்தில் இனிப்புத் தொடுவதில்லை என்று சொல்லியிருந்தேன். இருமல் மிட்டாய் மருந்து.

வீட்டுக்காரரிடம் ஓட்டச் சொல்லித்தரக் கேட்டேன். கல்பாக்கம் சைட்டில் பொழுதுக்கும் லாரி ஓட்டுகிற மனிதர், கட்டின பெண்டாட்டிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதாம்.

“சைட்ல எனக்கு இன்னா பேர் வெச்சிக்கிறானுங்க தெரியுமா? டிரைவரம்மா வூட்டுக்காரருன்றானுங்க.”

“நல்ல பேர்தான?”

திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசரின் பேரை வைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

13 மார்ச், செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. முதல் பாடம்.

சொல்லித்தருவது கருவாட்டு ஹபீபா. எங்கள் ஐந்து பேரில் மூத்தவள். அவள் வீட்டுக்காரர் மெட்ராஸில் டாக்ஸி ஓட்டினவர், போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பத்து வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறாள். ஸ்டீயரிங்கை ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனால் தெரியுமாம்.

“பாத்துகினே இருந்தேன்டி. சோறாக்கறத பாத்துதான கத்துகினோம்? அதான் இது.”

இடம்: ஊருக்குத் தெற்கே கடற்கரை. நேரம்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆம்பிளைகள் தூங்கும்போது. எல் போர்டு சீட்டு என்னிடம் இருக்கிறது. ஆனால் ரோட்டில் போனால் லைசென்ஸ்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

“கடக்கரை இன்னா ரோடா? எவன் வந்து கேப்பான்?” என்றாள் ஹ.

அலை ஒதுங்கிய ஈர மணல் தார் போட்ட மாதிரி இருக்கிறது. ஓடுகிறவரை ஓடும். நின்றால் தீர்ந்தது, டயர் புதையும். இன்று புதைந்தது. ஐந்து பேரும் முழங்கால் தண்ணீரில் நின்று அழுதுகொண்டே தள்ளினோம். நான் அழவில்லை. செல்லம்மா அழுதாள். பிறகு மேட்டில் தென்னங்கீற்று பரப்பி வைத்தோம். புறப்படுவதும் கீற்றிலிருந்து, நிற்பதும் கீற்றில். நடுவில் எங்கும் நிற்கக் கூடாது.

காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஹ.வுக்குச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் கால் தெரியாதாம். கை காட்டுவது மட்டும் அத்துப்படி. இடது, வலது, மெதுவாகப் போகிறேன், முந்திக்கொள். ஆளில்லாத கடலைப் பார்த்து அரை மணி நேரம் கை காட்டினேன்.

18 மார்ச், ஞாயிறு

பின் சீட்டைக் கழற்றித் தகரம் அடித்தாயிற்று. கூடை வைக்க. காலைப் பூசைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

கோயில் வாசலில் கமிட்டித் தலைவரின் தங்கை பிடித்துக்கொண்டாள். “சாமியாரு குந்திகினு போன சீட்ட புடுங்கிப்புட்டு மீன் கூடையா? வெளங்குமா இது?”

“ஏசுவோட சீடரு பேதுரு இன்னா வித்தாரு? மல்லிப்பூவா?” என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சவரிமுத்துவும் அங்கேதான் இருந்தார், சைக்கிளைப் பிடித்தபடி. அவருக்குக் கோபமே வராது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

“ஓட்டட்டும், ஓட்டட்டும். கீத்து போட்டு குடுக்கறீங்கல்ல? நல்லா ஓட்டட்டும்.”

ஆக, எங்கள் ரகசியம் ஊருக்கே தெரியும் என்பது எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

22 மார்ச், வியாழன்

மூன்றாவது கியர்!! கத்தினேன். நண்டுகள் ஓடின. ஹபீபா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு “அல்லா, அல்லா” என்றாள். நிறுத்தச் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக, என்னை யாரும் கூட்டிப்போகவில்லை. நான் போனேன். பஸ்ஸில் ஏற விடாத ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்தது, கூடையைக் காலால் தள்ளி இறக்கினார்களே அந்த நாளும். இன்னும் வேகமாக மிதித்தேன்.

நெஞ்சு வலிக்கிற அளவுக்குச் சந்தோஷம். அரிசி ஊற வைக்க மறந்துவிட்டேன்.

28 மார்ச், புதன்

பெயில்.

அவர் ஒரு நாள் லீவு போட்டு செங்கல்பட்டு வரை ஓட்டிவந்தார்.  மோட்டார் இன்ஸ்பெக்டர் ஏரிக்கரை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதினெட்டு பேர் வரிசையில். பெண் நான் ஒருத்தி. ஒருவன் இன்னொருவனிடம், “மச்சான், மரத்து பின்னாடி வந்து நில்லு” என்றான்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில், வீட்டுக்காரர் பின்னால் தகரத்தில். நன்றாகத்தான் எடுத்தேன். கை காட்டினேன். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

“நிறுத்தும்மா.”

“எங்க சார்?”

“இங்கதான்!”

சொன்னது புரிந்தது. கால் போகவில்லை. கண் கீற்றைத் தேடுகிறது, தார் ரோட்டில். “பொதஞ்சிடும் சார்” என்று வாயில் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “நிறுத்து, நிறுத்து” என்று அவர் கத்தக் கத்த, ரயில்வே கேட் வரை போய்விட்டோம். கேட் மூடியிருந்தது. அதனால் நின்றேன்.

கேட் மேடு. திரும்ப எடுத்தபோது வண்டி பின்னால் உருண்டது. பின்னால் நின்ற மாட்டுவண்டிக்காரர் சத்தம் போட்டார். மாடு பாவம், ஒதுங்கிக்கொண்டது.

“கை மட்டும் நல்லா காட்டற. மேட்ல நிறுத்தி எடுக்கத் தெரியல. ஒரு அங்குலம் பின்னால போனாலும் பெயில். அடுத்து ஏப்ரல் பதினொண்ணு வா.” பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, “ஏம்பா, நீதான் ஓட்டுவியே. நீயே ஓட்டிக்கிட்டுப் போயேன், எதுக்கு இந்த வேலை?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “வண்டி அவளுது சார்.”

அவ்வளவுதான் சொன்னார். திரும்பும் வழியில் திருப்போரூரில் டீ வாங்கிக் கொடுத்தார்.

29 மார்ச், வியாழன்

தலைவலி. கரையில் சவரிமுத்து, “இன்னாமா, ரயிலு கேட்டு தொறந்தாங்களா?” என்றார். ஊருக்கு எப்படித்தான் எனக்கு முன்னால் செய்தி வருகிறதோ. இன்று மத்திக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு ஹ. தரையில் துப்பினாள். கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

பகல் முழுக்க யோசித்தேன். மணலில் பழகினதுதான் தப்பு. ஆம்பிளைகள் தூங்கும் நேரமாகப் பார்த்து, யார் கண்ணிலும் படாமல், ஒளிந்து ஒளிந்து ஓட்டினேன். ஓடத் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை. நிற்கப் பழக வேண்டுமென்றால் ரோட்டுக்கு வர வேண்டும், எல்லார் எதிரிலும். இந்த ஊரில் மேடு ஒன்றுதான், கோயில் மேடு. சரி.

1 ஏப்ரல், ஞாயிறு

காலையில் அவரிடம் சொன்னேன்: “பூசை வுட்டதும் கோயில் மேட்ல வண்டி ஓட்டப் போறேன். லைசென்ஸ்காரர் ஒருத்தர் பக்கத்துல குந்தணும். நீங்க வரீங்களா, வேற டிரைவர கூப்புடட்டா?”

முட்டாள்கள் தினமாம் இன்று. அவர் என்னையே பார்த்தார். துண்டை எடுத்துத் தலைமேல் போட்டு முகத்தை மூடிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். லாசர் எழுந்தார்.

ஊரே மேட்டில் நின்றது. ஏறினேன், நிறுத்தினேன், எடுத்தேன், உருண்டேன். ஏறினேன், நிறுத்தினேன், உருண்டேன். பையன்கள் விசில். கமிட்டித் தலைவர் கைகட்டிப் பார்த்தார். கழுத்தெல்லாம் வேர்வை, காது எரிந்தது. நிறுத்தவில்லை. அதாவது, விடவில்லை.

ஒன்பதாவது தடவையோ பத்தாவதோ, துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: “காத கேக்க வுடு. கிளச்ச மெள்ள வுட்டா எஞ்சின் சத்தம் கொரையும். அப்ப ஹேண்ட் பிரேக்க எறக்கு.”

கேட்டேன். குறைந்தது. இறக்கினேன். ஒரு கணம் வண்டி அப்படியே நின்றது, பின்னாலும் இல்லை முன்னாலும் இல்லை. பிறகு ஏறியது.

அவர் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். மறுபடி மூடவில்லை.

5 ஏப்ரல், வியாழன்

தினமும் சாயந்திரம், அவர் சைட்டிலிருந்து வந்ததும், கோயில் மேடு. ஹபீபாவின் யோசனை: நிறுத்தினதும் பின் டயருக்கு ஒரு விரல் தள்ளிக் கொட்டாங்கச்சி வைப்பாள். உருண்டால் உடையும். திங்கள் பதினொன்று உடைந்தது. செவ்வாய் ஆறு. நேற்று இரண்டு. இன்று ஒன்று, அதுவும் ஹ. ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டாள் என்று சாதித்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

உடைந்ததெல்லாம் செல்லம்மா அடுப்புக்கு.

11 ஏப்ரல், புதன்

பாஸ். பாஸ். பாஸ்.

கேட் மேட்டில் இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எடுக்கச் சொன்னார். காதைத் தீட்டிக்கொண்டேன், எடுத்தேன். “இன்னொரு தடவ” என்றார், நம்பாதவர் மாதிரி. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவராகவே, “போதும்மா, போ” என்றார்.

திரும்பும்போது செங்கல்பட்டிலிருந்து கோவளம் வரை நான். அவர் பக்கத்தில். கேளம்பாக்கம் தாண்டி, உப்பங்கழி ஓரத்தில் தூங்கிவிட்டார். நான் ஓட்டும்போது தூங்கினார்! இதைவிட எனக்கு வேறு சர்டிபிகேட் வேண்டாம்.

12 ஏப்ரல், வியாழன்

கமிட்டித் தலைவரிடம் லைசென்ஸைக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பினார். “பொம்பளைக்கு குடுப்பாங்களா?” என்றார். போட்டோவைக் காட்டினேன். கண் மூடியிருக்கிறது, ஆனால் நான்தான்.

நாளை வெள்ளி. கறி தின்னாத தவக்கால வெள்ளி என்றால் செங்கல்பட்டில் மீனுக்கு அடித்துக்கொள்வார்கள். நான்கரைக்கு எழ வேண்டும். சாக்கு 5, தண்ணீர்ப் பானை, தராசு, மீதி மிட்டாய்.

13 ஏப்ரல், வெள்ளி

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். வஞ்சிரம், சங்கரா, கூடை நிறைய மத்தி. முன்னால் நான், ஹபீபா. பின்னால் தகரத்தில் மூன்று பேரும் ஐந்து கூடையும். காலி வண்டியில் பழகினது, இன்று இத்தனை பாரம்.  

கோயில் மேட்டில் பாதி ஏறும்போது பின்னால் சைக்கிள் மணி. சவரிமுத்து. கை காட்டிக்கொண்டே மூச்சு வாங்க வந்தார். “நிறுத்து! எமிலி, நிறுத்து!”

நிறுத்தினேன், மேட்டிலேயே. ஹேண்ட் பிரேக் போட்டேன்.

சைக்கிளைச் சரியாக என் பின் டயருக்குப் பின்னால் ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தார். வெற்றிலை இல்லாமல் அவர் வாயைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. “இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? நீ சொல்ற வெலைய தரேன். எறக்கு.”

“போன வருசம் சொல்லிருக்கலாமே?”

“இப்ப சொல்றேனே.”

 பின்னால் இருந்த மூன்று பேரையும் கண்ணாடியில் பார்த்தேன். செல்லம்மா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அழவில்லை.

ஹபீபா குனிந்து, “அண்ணாத்த, சைக்கிள எடுத்துக்கோ. பார வண்டி. பின்னாடி வந்துச்சின்னா நசுங்கிடும்” என்றாள்.

சிரித்தார். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். “வரும், வரும். மேடு பாரு. அப்பால நீங்களே எறக்குவீங்க.”

கிளச். முதல் கியர். காதைத் தீட்டிக்கொண்டேன். சத்தம் குறைந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன்.

ஏறியது. உச்சிக்கு வந்த பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். சைக்கிள் போட்ட இடத்தில் போட்டபடி நின்றது, சாயக்கூட இல்லை.