ஈயம் குடித்த பாட்டில்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் பேட்டரி பட்டறைக்குப் பூட்டு விழுந்து இன்றோடு ஒன்பது நாள். கழுவுநீரில் ஈயம் அதிகம். வரம்புக்குள் கொண்டுவந்து காட்டினால்தான் திறக்கலாம் என்று நீர்த்துறை அதிகாரி சொல்லிவிட்டாராம். பதினொரு பேர் அங்கே வேலை செய்கிறார்கள். ஆய்வகத்தில் ஆறு வருடமாக என் வேலையே தண்ணீரிலிருந்து ஈயத்தைப் பிரிப்பதுதான். அக்காவுக்கு அது ‘கறுப்புப் பொடி விளையாட்டு’. இன்று அவளே போனில் கேட்டாள்: “உன் பொடி இதுக்கு ஆகுமாடி?”

ஆகும் என்றேன். கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன்.

மார்ச் 5

பட்டறைத் தண்ணீரை அளந்தேன். லிட்டருக்கு எண்ணூறு மைக்ரோகிராம் ஈயம். பொடியைக் கலக்கினேன். இரும்பு ஆக்சைடுதான், ஆனால் தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாத துகள்கள். ஈயம் அதில் ஒட்டிக்கொள்ளும். வெளியே காந்தத்தை வைத்தால் பொடி மொத்தமும் ஓரமாக ஒதுங்கி, தண்ணீர் தெளிந்துவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுப்பதில்லை. இதைச் செய்தவள் நான்!

மார்ச் 9

பொடி கலக்கிப் பாட்டிலில் மூடி வைத்திருந்த தண்ணீரை இன்று அளந்தேன். பன்னிரண்டு! வரம்பு நூறு.

அக்கா போனிலேயே அழுதாள். அதிகாரியை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 10

ஒப்பிட்டுப் பார்க்க, பொடி போடாத தண்ணீரையும் ஒரு பாட்டிலில் வைத்திருந்தேன். இன்று அளந்தால் எண்ணூறு இருநூறாகியிருக்கிறது. பொடி இல்லாமல் எப்படிக் குறையும்?

அமிலம். நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு விடாமல் பாட்டில்களை மூடியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் ஈயம் பாட்டில் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். கருவி தண்ணீரில் மிச்சமிருப்பதை மட்டும்தான் காட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. கழுதை வயசாச்சு, புத்தி எங்கடி போச்சு உனக்கு?

அந்தப் பன்னிரண்டில் பாட்டிலுக்கும் பங்கு இருக்கிறது.

மார்ச் 11

நேரில் போய்ச் சொன்னேன். அக்கா கேட்டாள்:

“அந்த அதிகாரியும் அமிலம் விட மறந்துட்டா? கம்மியாத்தானே காட்டும்?”

காட்டும் என்றேன். ஆனால் ஈயம் என்னவோ தெருக் கால்வாய்க்குத்தான் போகும் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 12

அமிலம் விட்டு ஒழுங்காக அளந்தேன். நூற்று அறுபது. தேறாது.

மதியம் பொடியை இரண்டாகப் பிரித்தேன். பாதியைப் போட்டு, காந்தத்தால் இழுத்து எடுத்துவிட்டு, பிறகு மீதி. துணியை இரண்டு தண்ணீரில் அலசுவது போலத்தான். நாற்பத்தொன்று! மூன்று முறை செய்தேன், மூன்றும் ஐம்பதுக்குள். இந்த முறை பாட்டிலுக்கு ஒரு பங்கும் கிடையாது. எல்லாம் என் பொடி.

மார்ச் 13, வெள்ளி

காலையிலேயே பட்டறைத் தொட்டியில் அதேபோலச் செய்தோம். காந்தப் பலகையை அக்காதான் பிடித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி பாட்டிலை நிரப்பி மூடியைத் திருகினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“சார், அமிலம் விடலயே. விட்டு எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா கம்மியா காட்டும்.”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து அமிலத்தை எடுத்தார். என் அக்கா!

மார்ச் 18

ஐம்பத்தெட்டு.

ஒன்பது மணிக்குப் பூட்டைத் திறந்தார்கள். பதினொரு பேரும் வந்திருந்தார்கள். மோட்டார் சத்தத்தில் அக்கா என்னைக் காட்டி அவர்களிடம் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிமிர்ந்து நின்றேன்.