சேராத மூலை

என் செல்ல அண்ணா,

அம்மா தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கின் திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவள் புரண்டு படுத்தால் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். திருகித் திருகி ஆறு பக்கமும் பக்கத்துக்கு ஒரே நிறமாகச் சேர்க்கும் உன் கலர்க் கட்டை என் மடியில் இருக்கிறது.

நீ காமாலையில் போன பிறகு அதை உன் போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டாள். எல்லாப் பக்கமும் சேர்ந்து, ஒரே ஒரு மூலை மட்டும் நிறம் மாறி, நீ விட்டுப்போன அதே நிலையில். "எம்புள்ள கை வச்சது. எவனும் தொடக் கூடாது" என்கிறாள். நாளைக்கு உன் முதல் வருஷத் திதி.

பாக்டரி வேலைக்கு மனு போட்டிருந்த உன்னிடம் மாமா கேட்டாரே, "இன்னாடா, ஒரு மூலைக்கே இப்டி முழிக்கிற? லேத்து மெஷின்ல உன்ன எவன்டா நிக்க வைப்பான்?" நீ சிரித்தாய். ஆனால் படுக்கையிலும் அதையேதான் சுற்றிக்கொண்டிருந்தாய். புத்தி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேவா போனாய்?

இல்லை அண்ணா. என் வகுப்பு ஸ்டெல்லாவுக்கு அவள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து இதே மாதிரி ஒரு கட்டை கொண்டுவந்தார். நாம் இருவரும் சண்டை போட்டுக் கண்டுபிடித்த முறையில் அதைச் சுற்றினேன்: பக்கம் பக்கமாக இல்லை, அடுக்கு அடுக்காக. வெள்ளை அடுக்கு, நடு அடுக்கு, கடைசியில் மேல் மூலைகள். முழுசாகச் சேர்ந்துவிட்டது! "ஏய், இன்னாடி மாயம் பண்ண? எங்க சித்தப்பாவே ஒரு பக்கம்தான் சேத்தாரு!" என்று கத்தினாள்.

அம்மா களையெடுக்கப் போன நேரத்தில் உன்னுடையதையும் கலைத்துச் சேர்த்தேன். ஒரு மூலை நின்றது. திரும்பக் கலைத்தேன். திரும்பவும் ஒரு மூலை.

அப்போதுதான் நீ மனு கொடுக்கப் போன அந்தக் காலை நினைவுக்கு வந்தது. வேகமாகச் சுற்ற வேண்டும் என்று கட்டையைப் பிரித்து சைக்கிள் கிரீஸ் தடவினாய். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் கடைசி மூலைத் துண்டை அவசரமாக அழுத்திவிட்டு ஓடினாய். அது திரும்பி மாட்டிக்கொண்டுவிட்டது. பிறகு யார் எப்படிச் சுற்றினாலும் சேராது.

நேற்று போட்டோவைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அந்த ஒரு மூல சேந்திருந்தா நிம்மதியா போயிருப்பான்." நான் தொட்டது தெரிந்தால் என்ன செய்வாளோ? நீ மாட்டியதை நான் கழற்றலாமா?

இப்போதே கழற்றிச் சேர்த்து வைத்துவிடலாம். நீயே வந்து சேர்த்ததாக அம்மா நம்பிவிடுவாள். ஆனால் மாமாவின் பேச்சு அப்படியே நிற்குமே.

நாளை படையலுக்கு முன், மாமாவும் பார்க்க, கரண்டிக் காம்பால் அந்த மூலையைக் கழற்றிச் சரியாகத் திருப்பி மாட்டுவேன். பிறகு நன்றாகக் கலைத்து, நம் முறையிலேயே சேர்த்துக் காட்டுவேன். அடி விழுந்தாலும் பாதியில் கீழே வைக்க மாட்டேன்.

உன்னோடு ஒரே கட்டைக்கு அடித்துக்கொண்ட
தங்கச்சி செல்வி