ஏழாவது வரி

இன்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு உங்கள் கணினி ஆறாவது வரியை எழுதியது. இதை எனக்குச் சொன்னவர் உங்கள் மனைவி. ஃப்ரீமான்ட் வீட்டில், உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே திரையில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் போனில் படித்தார்.

"டபிள்யூ. இசட். ஹெச். ஜே. எக்ஸ். எழுதிட்டீங்களாண்ணே?"

"எழுதிட்டேம்மா. மேல சொல்லு."

முதல் ஐந்து எழுத்தைக் கேட்டதும் அடுத்த ஏழு எழுத்தையும் என் கை தானாகவே எழுதிவிட்டது. ஆறு நாளாக எல்லா வரியும் இந்தப் பன்னிரண்டு எழுத்தில்தான் தொடங்குகிறது.

பாய், நீங்கள் போய் நான்கு மாதமும் பதினாறு நாளும் ஆகின்றன.

2001இல் கம்பெனி உங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, ஆட்குறைப்பைப் பற்றிச் செய்தி எழுத வந்தவன் நான். செய்தியை எழுதி முடித்த பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். நியூ ஜெர்ஸியில் துளை அட்டைகளைக் கட்டுக் கட்டாக கணினிக்கு ஊட்டிய காலத்தைப் பற்றிச் சொல்வீர்கள். யுத்த காலத்தில் ஓர் இயந்திரம் பூட்டி அனுப்பிய ரகசியச் செய்திகளை உடைத்தவர்களைப் பற்றியும் சொல்வீர்கள்.

"இயந்திரத்துல என்ன குறை இருந்தது ரிப்போர்ட்டர்? குறையெல்லாம் அதுல உக்காந்து அடிச்ச ஆள்கிட்ட. தெனமும் ஒரே சலாம், ஒரே வானிலை. ஆரம்பம் தெரிஞ்சா போதும், பூட்டு கையில வந்துரும்."

பிறகு இருவரும் ஆளுக்கொரு ரகசியத் தாள் மாற்றிக்கொள்வோம். ஒரு சாவிச்சொல்லை வைத்து ஒவ்வொரு எழுத்தையும் சில இடங்கள் தள்ளி எழுதும் பழைய முறை. என் தாளை நீங்கள் சோறு ஆறுவதற்குள் உடைத்துவிடுவீர்கள். "நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்காம உங்களால ஒரு லெட்டர் எழுத முடியாதாய்யா? இப்படி இருந்தா எந்த ராணுவத்துலயும் சேத்துக்க மாட்டான்." உங்கள் தாளை நான் ஒரு தடவைகூட உடைத்ததில்லை.

உங்கள் கணினி அறையில் இன்னொன்றும் இருந்தது, உங்கள் பேச்சு ப்ரோக்ராம். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பித் தரும் ஒரு ப்ரோக்ராமை அறுபதுகளிலேயே எழுதியிருந்தார்கள் என்றும், அது வெறும் இயந்திரம் என்று தெரிந்தும் மனிதர்கள் அதனிடம் மனம் விட்டுப் பேசினார்கள் என்றும் சொன்னீர்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் பேசும் ஒன்றை அதே போல நீங்களே செய்தீர்கள். உங்கள் மனைவி சமையலறையிலிருந்து வந்து, "அரிசி தீந்துபோச்சு" என்று அடித்தார். திரை பதில் சொன்னது: "அரிசி தீந்ததைப் பத்தி இன்னும் சொல்லு."

"பாத்தீங்களாண்ணே? இதுக்கு இருக்கிற அக்கறை இவருக்கு இல்ல. இவர் என்னைய ஒரு நாளைக்குக் கேக்கிறது ஒரே கேள்வி. சாப்ட்டியா. அதோட முடிஞ்சுது."

நீங்கள் தலையைத் தூக்காமல், "வேற என்ன கேக்கணும்?" என்றீர்கள். மூன்று பேரும் சிரித்தோம்.

நீங்கள் போன பிறகு அந்தக் கணினியை யாரும் அணைக்கவில்லை. உங்கள் மனைவி இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் அந்த நான்கு மாதம் பத்து நாளில் அந்நிய ஆண்கள் அவரைப் பார்ப்பதில்லை, நானும் வரவில்லை. திரை அத்தனை நாளும் கறுப்பாகவே கிடந்ததாம். இத்தா முடிந்த மறுநாள் காலை, நீங்கள் வழக்கமாக நாற்காலியில் உட்காரும் அதே நேரத்தில், முதல் வரி வந்தது. ஐந்தைந்தாகப் பிரித்த எழுத்துகள். உங்கள் மனைவி எனக்குப் போன் செய்தார்.

பிளானோவிலிருந்து வந்திருந்த உங்கள் மகள் அதைச் சோதித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். அவளும் ப்ரோக்ராமர்தான். "இட்ஸ் ஜஸ்ட் எ டைமர், அங்கிள். டாட் கீபோர்டைத் தொடலைன்னா, சோ மெனி டேஸ் கழிச்சு ஸ்டார்ட் ஆகும். ஏழு லைன் இருக்கு. நத்திங் ஸ்பூக்கி." அந்த அறையில் உட்கார்ந்துதான் பேசுகிறாயா என்று கேட்டேன். இல்லை, காருக்குள் இருக்கிறேன் என்றாள். ஏழு வரியையும் அரை மணி நேரத்தில் வெளியே எடுத்துவிடலாம் என்றும் சொன்னாள். அம்மா விடவில்லை. "அவர் ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்றார். நீ எதுக்குடி அவசரப்படுத்துற?"

மூன்றாம் நாள் வரை நான் தோற்றுக்கொண்டிருந்தேன். பிறகு மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே தலை. நீங்கள் எழுதிய எந்தத் தாளின் தலையிலும் என்ன இருக்கும்? கடைச் சீட்டானாலும் வரிப் படிவத்தின் நகலானாலும் 786, பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதும் எண். எண்ணை எழுத்தில்தான் அடித்தாக வேண்டும். ஏழு, எட்டு, ஆறு என்று ஆங்கில எழுத்தில் எழுதி, திரையின் எழுத்துகளிலிருந்து கழித்தேன். ஒவ்வோர் எழுத்தாகச் சாவி வெளியே வந்தது.

சாப்ட்டியா.

பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்தேன். வெளியே நல்ல வெயில். அப்படியும் முதுகுப் பக்கம் யாரோ நிற்பது போலவே இருந்தது.

முதல் வரி: "இத்தா முடிஞ்சிடுச்சா ரிப்போர்ட்டர்?" இரண்டாவது, எலுமிச்சைக்குத் தண்ணீர். மூன்றாவது, ஹீட்டரின் ஃபில்டர். நான்காவதில் என் முதுகு வலியை விசாரித்திருந்தீர்கள். ஐந்தாவது, உங்கள் மனைவிக்கு ராத்திரி மாத்திரையை ஞாபகப்படுத்தச் சொன்னது. வீட்டில் இருக்கிற ஒருவர் அடுத்த அறையிலிருந்து சொல்லும் சொற்கள் இவை.

உங்கள் மனைவி பிளானோவுக்கு, மகள் வீட்டுக்குப் போக வேண்டும். சாமான் ஏற்றும் லாரி நாளை காலை எட்டு மணிக்கு. வீட்டைக் காலி செய்ய நாளைதான் கடைசி நாள். உங்களை விட்டுவிட்டுப் போகிறோமோ என்று ஐந்து நாளாக அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், என்னிடமும் மகளிடமும்.

இன்று ஆறாவது வரியைப் போனை வைக்காமலே உடைத்தேன். விடையை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

"என்னண்ணே? என்ன சொல்றார்?"

முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். வந்ததை மாற்றிச் சொல்லத் தெரியவில்லை. "'பெட்டி கட்டிட்டாளா?'ன்னு கேக்கிறாரும்மா."

மறுமுனையில் அட்டைப் பெட்டியின் மீது டேப் இழுக்கும் சத்தம் நின்றது. மகளாக இருக்கும். உங்கள் மனைவி கேட்டார்: "ஆமான்னு அடிக்கட்டுமா?"

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஆமா, போறேன்" என்று அடித்தாராம். திரை சொன்னதைப் படித்துக் காட்டினார்.

"போறதைப் பத்தி இன்னும் சொல்லு."

அது உங்கள் பழைய ப்ரோக்ராம். அரிசிக்குச் சொன்னதைத்தான் இதற்கும் சொல்கிறது. எனக்கு அது தெரியும், மகளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "சரிண்ணே, வைக்கிறேன். இவர்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மதியம் மகள் பேசினாள். அம்மா இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாராம். இந்த நான்கு மாதத்தில் அதில் அவர் உட்கார்ந்தது இன்றுதானாம்.

இத்தா முடிந்ததும் மகள் அழைத்துப்போவாள் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கலாம்; நாள் எண்ணுவது உங்கள் தொழில். தினமும் ஒரே தலையை அடித்தது உங்கள் கை செய்த பிழையா, நான் உள்ளே வரட்டும் என்று திறந்து வைத்த கதவா? அதை உறுதி செய்ய ஆள் இல்லை.

லாரிக்காரரிடம் எட்டு மணிக்கு வேண்டாம், பத்து மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழாவது வரி நாளை காலை ஒன்பது பத்துக்கு வர வேண்டும். தாளின் தலையில் பன்னிரண்டு எழுத்தையும் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

பாய், இந்த மடலை வழக்கமான சொற்களோடு தொடங்கப் பேனா வரவில்லை. உங்களிடம் அதைக் கேட்பது எப்படி என்று தயங்கினேன். ஆனாலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. கடைசியில் வைக்கிறேன், உடைக்க உங்களுக்கு வசதியாக இருக்கட்டும்.

நலம். நலமறிய ஆவல்.