ஒட்டகத்தின் மேலிருந்து தெரியும் மிதவை

என் அன்பு மச்சானே, கயிற்றை விட்டுவிட்டு எனக்கு முந்திப் போன சூசையே,

நீ போனபின் நம் கரைக்கு ஒட்டகம் வந்திருக்கிறது. நம்பமாட்டாய். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து கடல்வரை உடைமரமும் மணலும்தானே? அந்த மணலில் கார் புதைகிறது என்று, ஸ்கூபா கம்பெனிக்காரன் வடக்கிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான். வெளியூர்க்காரர்கள் அதன் முதுகில் ஆடி ஆடி வந்து படகேறுகிறார்கள். பிறகு காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு, பாறையில் மீன் பார்க்கக் கடலுக்குள் இறங்குகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறவன் உன் மகன் ஜெபா.

உன் மகன் மட்டுமா? என் மகளைக் கட்டியவன்.

நம் வழக்கத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சைப் பிடித்துச் சங்கு குளிக்கப் போகிறவனின் கயிறு, அவன் மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் இருக்கும். கூடப் பிறந்தவள் தாலி இழக்க எவன் சம்மதிப்பான்? கீழிருந்து நான் கயிற்றை ஆட்டினால் நீ இழுப்பாய். ஒருமுறைகூடப் பிந்தியதில்லை. படகில் எவனாவது பீடி நீட்டினால், "எங்கக்காவுக்கு நான்லா பதில் சொல்லணும், அங்கன போலே" என்று விரட்டுவாயாம்.

ஜெபாவுக்குக் கயிறு பிடிக்க வேண்டியவன் என் மகன். அவன் ஏதோ ஒரு கப்பலில், ஏதோ ஒரு கடலில் இருக்கிறான். அதனால் நானே கேட்டேன்.

"கயிறு இல்லாம எப்படிலே எறங்குத?"

"டேங்க்ல காத்து இருக்கு மாமா. கூட ஒரு ஆளும் வாரான்."

"அவன் உம் பொண்டாட்டிக்கு அண்ணனா, தம்பியா?"

"கோயம்புத்தூர்க்காரன் மாமா."

நான் விடவில்லை. சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் வெளியூர்க்காரர்கள் வராத ஒரு காலையில், என் வாயை அடைக்க, இடுப்பில் கயிறு கட்டி, மறுநுனியை என் கையில் தந்துவிட்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் கயிறு ஆடியது. பாறையில் உரசியிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? நீ என்னை எப்படி இழுப்பாயோ, அப்படியே இழுத்தேன்.

மேலே வந்தவன் மூக்கில் ரத்தம். படகைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "மாமா, மூச்சப் புடிச்சிட்டுப் போனவனத்தான் வெரசா இழுக்கணும். டேங்க் காத்த இழுத்தவன் மெதுவாத்தான் வரணும், இல்லன்னா நெஞ்சு வெடிச்சிரும். வழியெல்லாம் மூச்ச வெளிய ஊதிக்கிட்டே வந்ததால பொழச்சேன்."

வீட்டில் என் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் தாலிய அறுக்கவாப்பா கயிறு புடிச்சீய?"

மச்சான், நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இழுத்தது தப்பு என்கிறார்கள். சரி, தப்பு. மேலே சொந்தக்காரன் ஒருவன் வேண்டும் என்றதுமா தப்பு? அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போட? அலுத்துவிட்டது. கீழே போனவன் இருக்கிறேன், மேலே இருந்தவன் நீ போய்விட்டாய். இது என்ன நியாயம்?

கம்பெனிப் படகில் இனி எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜெபாதான் ஓர் ஆரஞ்சு மிதவையைக் காட்டினான். அவன் நீருக்குள் போகிற பக்கமெல்லாம் நூலில் அது மேலே மிதந்துபோகும். "இது நகருத வரைக்கும் நான் நல்லா இருக்கேன் மாமா. கரையில இருந்து பாத்துக்கிடுங்க. இழுக்க மட்டும் வந்துராதிய."

மணலில் நின்றால் அலை மறைக்கிறது. மூன்றாம் நாளும் நான் எக்கி எக்கிப் பார்ப்பதைக் கண்ட ஒட்டகக்காரன், தன் உடைந்த தமிழில் "தாத்தா, மேல வா, தெரியும்" என்றான். அந்த மிருகத்தை நான் திட்டாத திட்டில்லை. ஏறினேன். சிரிக்காதே. அங்கிருந்து மிதவை நன்றாகத் தெரிகிறது.

என் மகன் கப்பலைவிட்டு வரும்வரை, உன் மகன் நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் நான் அந்த முதுகில் இருப்பேன். எவன் பீடி நீட்டினாலும் திரும்பமாட்டேன்.

நீ இழுத்ததால் இன்னும் உன் அக்காளுக்குப் புருஷனாக இருக்கும்,
உன் அத்தான்.